மச்சான் வண்டியை மட்டம் தட்டியவர்

கண்ணாடிக்கடைக்காரருக்குக் கைவந்த கலை ஒன்று உண்டு. மூக்குக்கண்ணாடியில் திருகு லூசாகிவிட்டது, முடுக்கித் தாருங்கள் என்று வருகிற ஆளைப் புதுக் கண்ணாடியோடுதான் வெளியே அனுப்புவார். பொய் ஒன்றும் சொல்ல மாட்டார். கழற்றிக் கொடுத்த ஃப்ரேமை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். "நல்ல ஃப்ரேம்தாங்க" என்பார். கொஞ்சம் இழுத்து, "அப்போ இதுதான் நல்லா ஓடிச்சு" என்பார். தீர்ந்தது கதை. காலையில் வீட்டை விட்டுக் கிளம்பும்போது பிடித்திருந்த தன் முகம் அந்த ஆளுக்கு அதற்கப்புறம் பிடிக்காது.

இப்படி ஊரார் கண்ணை உறுத்த வைத்தே பிழைத்தவருக்கு, தன் கண்ணை உறுத்தியது ஒன்றே ஒன்றுதான். மச்சானின் கார்.

மச்சான் என்றால் மனைவியின் கூடப்பிறந்த அண்ணன். டைல்ஸ் வியாபாரி. கை நிறையக் காசு. மனசு அதைவிடப் பெரிசு. கறுப்பு நிறத்தில் நீளமாக ஒரு சொகுசு செடான் வைத்திருந்தார். கதவைச் சாத்தினால் தெருச் சத்தம் மொத்தமும் வெளியே நின்றுவிடும். குடும்பத்தோடு எங்கே போனாலும் கண்ணாடிக்காரருக்கு அதில் பின்சீட்டுதான். யாருக்கும் தெரியாமல் அந்தத் தோல் சீட்டை உள்ளங்கையால் தடவிக்கொண்டே வருவார். இது நம்மிடம் வரவேண்டும் என்பதைத் தவிர அந்த மனுஷனுக்கு வேறு ஆசையே கிடையாது.

அப்படியானால் புதுசாக ஒன்று வாங்க வேண்டியதுதானே என்பீர்கள். வாங்குவாரா அவர்!

"புதுசு வாங்கறவன் ஏமாளி" என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். "ஷோரூமை விட்டு வெளிய வந்த உடனே விலை இறங்க ஆரம்பிச்சுடும். முதல் மூணு வருஷம் சரசரன்னு இறங்கும். அந்த அடியை வேற ஒருத்தன் வாங்கிக்கட்டும். அப்புறம் நாம மெதுவா போவோம்."

மெதுவாக என்றாலும் அதற்கும் ஒரு நேரம் இருக்கிறது. கம்பெனிக்காரன் புது மாடலை இறக்கும் சமயத்தில் பழைய மாடலின் விலை இன்னும் ஒரு படி இறங்கும். அதற்கு முன்னால் போனால் கூடுதலாகக் கொடுக்க வேண்டும். ரொம்பத் தள்ளிப் போட்டால் வண்டி நிஜமாகவே பழசாகிவிடும். மச்சான் வண்டிக்கு மூன்று வயசு முடிந்தது. புது மாடல் சீக்கிரமே வருகிறது என்று செய்தியும் வந்தது. கண்ணாடிக்காரருக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஆனால் மச்சானோ அந்த வண்டியின் மேல் உயிரையே வைத்திருந்தார்.

அதனாலென்ன, ஃப்ரேம் மேல் உயிரை வைத்தவர்களையே அதை மாற்ற வைத்தவர் இல்லையா இவர்? ஒரு ஞாயிற்றுக்கிழமை மச்சான் வீட்டுக்குப் போனார். வாசலில் நின்ற காரைச் சுற்றி வந்தார்.

"நல்ல வண்டிதான் மச்சான்" என்றார். "அப்போ இதை அடிச்சுக்க வேற வண்டி கிடையாது."

"இப்ப மட்டும் என்ன மாப்பிள்ளை?"

"இப்பவும் நல்லாத்தான் இருக்கு. முன்லைட்டுதான் கொஞ்சம் முழிக்குது. புது மாடல்ல அதைச் சரி பண்ணிட்டானாம்." செல்போனில் படத்தைக் காட்டினார். மச்சான் படத்தைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார். கண்ணாடிக்காரர் அதற்குமேல் ஒரு வார்த்தை பேசவில்லை. நல்ல பிள்ளை மாதிரி வீட்டுக்கு வந்துவிட்டார்.

வீட்டில் வேறு வேலை. தனக்கு அந்த வண்டி வேண்டும் என்பதை மனைவியிடம் மூச்சு விடவில்லை. அவளுக்குத் தெரிந்தால் அடுத்த நிமிஷம் அண்ணனுக்குத் தெரிந்துவிடும். ஆனால் வண்டியின் குறைகளை மட்டும் தாராளமாக அவள் காதில் போட்டு வைத்தார். "அந்தச் சீட்டுல உக்காந்தா முதுகு பிடிச்சுக்குது, உனக்கு இல்ல?" என்றார். "வளைவுல திரும்பும்போது வயித்தைப் பிரட்டுதே, கவனிச்சியா?" என்றார். அதுவரை அவள் கவனித்ததில்லை. அடுத்த தடவை கவனித்தாள். முதுகும் பிடித்தது, வயிறும் பிரட்டியது. தானே கண்டுபிடித்தது மாதிரி அண்ணனுக்குப் போன் போட்டு அத்தனையும் ஒப்பித்தாள். கதவுக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்த கண்ணாடிக்காரர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

மச்சான் எத்தனை நாள்தான் தாங்குவார்? புது மாடல் வந்த வாரமே ஒன்றை எடுத்துவிட்டார். பழையதை ஷோரூமிலேயே தள்ளிவிடப் போனவரைக் கண்ணாடிக்காரர்தான் தடுத்தார்.

"அங்க அடிமாட்டு விலைக்குக் கேப்பாங்க மச்சான். நானே வெச்சுக்கறேனே."

மச்சானுக்கு மனசு கேட்கவில்லை. "இவ்வளவு குறை உள்ள வண்டியை உங்க தலையில கட்டறதா மாப்பிள்ளை? தங்கச்சி என்னைப் பத்தி என்ன நினைப்பா?"

"எனக்கென்ன, கடைக்குப் போய்ட்டு வரத்தானே. விலையை மட்டும் குறைக்கு ஏத்த மாதிரி போட்டுக் குடுங்க."

போட்டுக் கொடுத்தார் அந்த நல்ல மனுஷர். வண்டியை வீட்டுக்கு ஓட்டி வந்தபோது கண்ணாடிக்காரர் தனியாகச் சிரித்தார், தனியாகப் பாடினார், சிக்னலில் பக்கத்து வண்டிக்காரனுக்குக் கை காட்டினார். வாசலில் நிறுத்தி ஹாரன் அடித்தார். மனைவி வந்து எட்டிப் பார்த்தாள்.

"இது அண்ணனோட டப்பா ஆச்சே. இங்க ஏன் நிக்குது?"

"நாமதான் வாங்கியிருக்கோம். ஏறு, ஒரு ரவுண்டு போய்ட்டு வரலாம்."

"நானா? முதுகு பிடிக்கும், வயித்தைப் பிரட்டும்னு சொன்னதே நீங்கதானே? தெரிஞ்சே இதை ஏங்க வாங்கினீங்க?"

அப்போதுதான் கண்ணாடிக்காரருக்கு உறைத்தது. வண்டி அருமையான வண்டி என்று சொன்னால், அப்போ என்கிட்ட சொன்னதெல்லாம் பொய்யா என்று அவள் கேட்பாள். சாயங்காலத்துக்குள் விஷயம் மச்சான் காதுக்குப் போய்விடும். மட்டமான வண்டி என்று சொன்னால், அதில் யாரும் ஏற மாட்டார்கள். யோசித்துப் பார்த்துவிட்டு, மட்டம் என்றே சொல்லிவைத்தார். மனைவி ஏறவில்லை. மகள் காலேஜுக்கு பஸ்ஸிலேயே போனாள். அந்தப் பெரிய வண்டியில் அவர் ஒருத்தராகவே கடைக்குப் போய்வந்தார். வீட்டுத் தெருவுக்குள் நுழையும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டு முனகவும் மறக்கவில்லை. ஆனாலும் பாவி மனுஷன் உள்ளுக்குள் பூரித்துப்போய்த்தான் இருந்தார். அவருடைய வண்டி ஆயிற்றே!

மச்சான் ஒரு நாள் வந்தார். புது வண்டியில் வரவில்லை; டாக்ஸியில் வந்து இறங்கினார். முகம் வாடியிருந்தது.

"மனசே சரியில்ல மாப்பிள்ளை. தங்கச்சி எல்லாம் சொன்னா. நீங்க வலியோட ஓட்டறீங்களாமே. வீட்டுல யாரும் அதுல ஏறக்கூட மாட்டேங்கறாங்களாம். கூடப்பிறந்தவ வீட்டுலயே ஒரு ஓட்டை வண்டியைத் தள்ளி விட்டுட்டேன்னு எனக்குத் தூக்கம் வரல." பையிலிருந்து ஒரு கவரை எடுத்து மேஜை மேல் வைத்தார். "நீங்க குடுத்த பணம் அப்படியே இருக்கு. வண்டியை நானே எடுத்துக்கறேன்."

கண்ணாடிக்காரர் கவரை அவர் பக்கமே தள்ளினார். "ஐயோ, அதெல்லாம் எதுக்கு மச்சான்! எனக்குப் பழகிடுச்சு. ஒண்ணும் கஷ்டமில்ல."

"சும்மா இருங்க" என்றாள் மனைவி. "எங்க அண்ணன் மனசு கஷ்டப்படக் கூடாதுன்னு மறைக்காதீங்க. உள்ளதைச் சொல்லுங்க. வண்டி நல்லா இருக்கா, இல்லையா?"

அண்ணனும் தங்கையும் அவர் வாயையே பார்த்தார்கள். நல்லா இருக்கு என்று ஒரு வார்த்தை சொன்னால் வண்டி தங்கும், மானம் போகும்.

"நல்லா இல்லதான்" என்றார் கண்ணாடிக்காரர்.

"பார்த்தியா" என்று மச்சான் தங்கச்சியிடம் சொல்லிவிட்டுச் சாவியை வாங்கிக்கொண்டார். கண்ணாடிக்காரர் கேட்டார்.

"இதை என்ன பண்ணப் போறீங்க மச்சான்?"

"நம்ம வீட்டு ஆளுங்களை இனிமே இதுல ஏத்த மாட்டேன். பின்சீட்டைக் கழட்டிட்டு, கடைக்கு டைல்ஸ் ஏத்த வெச்சுக்கறேன்."

கறுப்பு வண்டி சத்தமே இல்லாமல் நகர்ந்து, தெருமுனையில் கொஞ்சமும் ஆடாமல் அழகாகத் திரும்பியது. அழுகையே வந்துவிட்டது கண்ணாடிக்காரருக்கு.

"அப்பாடா, விட்டுது தொல்லை" என்றாள் மனைவி. "இப்ப நிம்மதியா இருக்கா?"

"ஆமா" என்றார்.