இடியனுக்கு வைச்ச பொட்டு

இடியன் துவக்குக்கு ஸ்கோப் பூட்டுறது மாட்டு வண்டிலுக்கு ஏசி போடுற மாதிரி வேலை. குழல் வாயாலை மருந்தும் குண்டும் போட்டு இடிச்சு, ஒரு வெடிதான் வைக்கலாம். அதுக்கு மேலை தூரத்து மானைக் கிட்டக் காட்டுற குழாய். கடையிலை நிண்டு சனத்தோடை மாரடிச்ச ஆக்களுக்கு என்ரை பாடு விளங்கும்.

தொட்டதில்லை

எண்பத்தாறாம் ஆண்டு, கனடா. ஸ்காபரோவிலை ஒரு வேட்டைச் சாமான் கடை, துவக்குக்கு ஸ்கோப் பூட்டுற வேலை. மூண்டு மாதம் பாத்துப்போட்டுத்தான் வேலை நிரந்தரம். நிரந்தரமானால் முதலாளி கடிதம் தருவார். அந்தக் கடிதம் இல்லாமல் ஊரிலை விட்டிட்டு வந்த மனிசியைக் கூப்பிட ஏலாது.

முன்னம் துவக்கு தொட்டிருக்கிறியோ எண்டு முதலாளி கேட்டார். ஊரிலை ஆமிக்காரனும் இதைத்தான் கேட்டவன். சத்தியமாய் இல்லை, நான் தபால் கந்தோர் கிளாக்கர் எண்டு கும்பிட்டன்.

"நல்லது, துவக்கு தெரியாதவன் எனக்குப் புத்தி சொல்ல மாட்டான்."

நாலு விரற்கடை

ஒருத்தர் ஆகப் பெரிய ஸ்கோப்பைத் தூக்கிக்கொண்டு வந்தார். கண்ணுக்கும் கண்ணாடிக்கும் நாலு விரற்கடை இடைவெளி வேணும், இல்லாட்டித் துவக்கு உதைக்கேக்கை புருவம் பிளக்கும் எண்டன். மனிசன் கேக்கேல்லை, கிட்டப் பூட்டச் சொல்லி ஒற்றைக்காலிலை நிண்டார். பூட்டினன். திங்கக்கிழமை புருவத்திலை பிறை மாதிரி வெட்டோடை வந்து நிக்கிறார். வேலை போச்சு எண்டு நினைச்சன்.

"இந்தக் கண் வீங்கிப்போச்சு, மற்றக் கண்ணுக்குத் தோதாய் மாத்திப் பூட்டு."

ஆயுத பூசை

ஆயுத பூசையண்டு என்ரை குறடு, திருப்புளி எல்லாத்துக்கும் சந்தனப் பொட்டு வைச்சன். கைப்பழக்கம், பூட்டி முடிச்ச ரெண்டு இடியனுக்கும் வைச்சுப்போட்டன். துடைக்க முந்தி ஆக்கள் வந்து கொண்டுபோயிட்டினம்.

அதிலை ஒருத்தர் மூண்டு வருஷமாய் ஒரு மானும் விழுத்தாதவர். முதல் வெடியிலையே விழுந்திட்டுது. அடுத்த கிழமை மஞ்சள் புள்ளி வேணுமெண்டு ஆக்கள் வரத் தொடங்கிச்சினம். என்னோடை அறையிலை இருந்த மன்னார் செல்வராசா அண்ணை, கழுத்திலை சிலுவை போட்ட வேதக்காரர், அவரே "வையடாப்பா, உனக்கு மனிசி வரவேணுமெல்லோ" எண்டார். எனக்குப் பொய் சொல்ல மனமில்லை. உது வெறும் கும்பிடுதான் எண்டு ஒரு ஆளுக்கு விளங்கப்படுத்தினன்.

"சரி, அது எத்தனை அடி தூரத்துக்குப் பிடிக்கும்?"

கடிதம்

மூண்டு மாதம் முடியிற அண்டு, பொட்டு வைச்ச மற்ற இடியனைக் கொண்டுபோன ஆள் துவக்கை மேசையிலை போட்டார். ரெண்டு மான் தப்பிப்போச்சாம். முதலாளி பக்கத்திலை நிக்கிறார். ஸ்கோப்பைத் தொட்டன், ஆடுது. பொட்டு வைச்ச அவசரத்திலை ஒரு திருகாணியை இறுக்க மறந்திருக்கிறன். மனிசியின்ரை முகம்தான் கண்ணுக்கை வந்தது. ஒளிச்சுப் பிரயோசனமில்லை, பிழை என்ரை எண்டு சொல்லிப்போட்டன். வந்தவர் தலையை ஆட்டி மறுத்தார்.

"திருகாணியை விடு, நான்தான் துவக்கைத் துடைக்கேக்கை உன்ரை புள்ளியை அழிச்சுப்போட்டன்."

முதலாளி உள்ளை போய்க் கடிதத்தோடை வந்தார். துவக்குக்குப் பயந்து கடல் கடந்து ஓடிவந்தவனுக்கு மனிசியைக் கூப்பிட்டுத் தந்தது கடைசியிலை ஒரு துவக்குக்கடைதான், என்ன செய்யிறது.