சார்ச்சில விட்ட ஸ்கூட்டர்

நாரந்தனை விநாயகமூர்த்திக்கு இரண்டு பயங்கள். ஒன்று கடல், மற்றது சிவப்புக் கோடு. சுற்றிவரக் கடல் இருக்கிற தீவில் பிறந்து, ஐம்பத்துநாலு வயதுவரை ஒரு வள்ளத்திலும் கால் வைக்காமல் தப்பிய மனிதர் அவர். கரையில் கட்டிக்கிடக்கிற வள்ளம் ஆடுவதைப் பார்த்தாலே அவருக்கு வயிற்றைப் பிரட்டும். பட்டணத்துக் கந்தோருக்குப் போகக் கடலுக்குக் குறுக்கே கட்டிய தாம்போதியும் றோட்டும் இருந்தபடியால் மானம் காப்பாற்றப்பட்டது.

சிவப்புக் கோடு போடுகிறவர் பெரிய கிளாக்கர் தம்பிராசா. காலை எட்டரை அடித்தால் வரவுப் புத்தகத்தில் அடிமட்டம் வைத்து ஒரு கோடு இழுப்பார். அதற்குக் கீழே கையெழுத்து வைத்தவன் பிந்தியவன். நாரந்தனைப் பஸ்ஸோ தனக்கு மனம் வந்தால் வரும், இல்லாவிட்டால் வராது. 2004ஆம் ஆண்டு ஆவணி மாதத்தில் இப்படி இரண்டு தரம் கோட்டுக்குக் கீழே போய்விட்டார் விநாயகமூர்த்தி.

"இன்னொருக்காப் பிந்தினீரெண்டால் நெடுந்தீவுக்கு மாத்தி எழுதிப்போடுவன்," என்றார் தம்பிராசா.

நெடுந்தீவுக்கு றோட்டு இல்லை. ஒரு மணித்தியாலம் கடல்தான்.

விசயம் கனடாவில் இருக்கிற மகனுக்குப் போனது. "அப்பா, ஒரு மோட்டார் சைக்கிளைப் பாத்து எடுங்கோ," என்றான். அடுத்த சனிக்கிழமையே விநாயகமூர்த்தி பட்டணத்து வாகனக் கடையொன்றில் நின்றார், சாப்பாட்டுப் பெட்டியோடும் குடையோடும் கந்தோர்ப் பையோடும். இவ்வளவையும் வைத்துக்கொண்டு ஏறிப் பார்த்தால்தானே தெரியும்.

கடைக்காரர் ஜெனிஸ்ரன் பொறுமையான ஆள். முதல் மோட்டார் சைக்கிளில் ஏற்றினார், கால் நிலத்துக்கு எட்டவில்லை. இரண்டாவதில் கால் எட்டியது, ஆனால் உதைத்து இயக்கியதும் வந்த சத்தத்தில் இவர் குடையை விட்டுவிட்டு இறங்கி ஓடினார். மூன்றாவதில் சாப்பாட்டுப் பெட்டி வைக்க இடமில்லை.

"ஐயா, அப்ப இதைப் பாருங்கோ," என்று மூலையில் நின்ற பச்சை நிறச் சாமானைக் காட்டினார் ஜெனிஸ்ரன். "கறண்டிலை ஓடுறது. பெற்றோல் வேண்டாம், உதைக்கத் தேவையில்லை, சத்தமும் இல்லை."

விநாயகமூர்த்தி ஏறி உட்கார்ந்தார். கால் எட்டியது. முன்னுக்குக் கூடை இருந்தது. "எப்ப தம்பி இது ஸ்ராட் வரும்?" என்று கேட்டுக்கொண்டே கைபிடியைத் திருகினார்.

"அது ஸ்ராட்டிலைதான் நிக்குது ஐயா!" என்று ஜெனிஸ்ரன் கத்தி முடிப்பதற்குள் ஸ்கூட்டர் சத்தமே இல்லாமல் போய், அடுக்கியிருந்த பிளாஸ்ரிக் கதிரைகளுக்குள் நுழைந்துவிட்டது. கதிரைகளுக்கு நடுவில் இருந்தபடியே விநாயகமூர்த்தி சிரித்தார். அவருக்கு அது பிடித்துவிட்டது.

"ஒருக்காச் சார்ச் ஏத்தினால் நாப்பது கிலோமீற்றர் ஓடும். வீட்டை போனதும் சார்ச்சில விடுங்கோ," என்று சொல்லி அனுப்பினார் ஜெனிஸ்ரன்.

வீட்டுக்கு வந்தவர் சார்ச்சில விட்டாரா? இல்லை. பிள்ளையார் கோயிலில் சில்லுக்கடியில் தேசிக்காய் வைத்து நசித்துவிட்டு, ஊரைச் சுற்றக் கிளம்பிவிட்டார். சனம் ஆசையாக வந்து பார்த்தது, ஆனால் கறண்ட் அடிக்கும் என்று ஒருவரும் தொடவில்லை. இருட்டுப்பட வீடு வந்தபோது சார்ச் காட்டுகிற முள்ளு அடியில் கிடந்தது. ஞாயிறு முழுக்கக் கிடக்குதே, நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டுவிட்டார்.

ஞாயிறு விடிய மடத்துவெளியில் இருந்து செத்தவீட்டுச் செய்தி வந்தது. தூரத்து உறவு, போகாமல் இருக்க ஏலாது. செத்தவீட்டுக்குப் புது வாகனத்தில் போகிற ஆளா அவர்? வான் பிடித்துப் போனார். பாதி வழியில்தான் ஸ்கூட்டரின் நினைவு வந்தது. போன இடத்தில் ஒருவரின் போனை வாங்கி மனைவி நல்லம்மாவுக்கு எடுத்தார். இவர்கள் வீட்டில் கிணற்றுக்கட்டுக்குப் பக்கத்தில் மட்டும்தான் ஒழுங்காகச் சிக்னல் கிடைக்கும். நல்லம்மா அங்கே போய் நின்றாள்.

"நல்லம், கேக்குதே? ஸ்கூட்டரைச் சார்ச்சில விடும்!"

"எதிலை?"

"சார்ச்சில! சார்ச்சில!"

"சேர்ச்சிலையோ?"

இந்தப் பக்கம் ஒப்பாரி, அந்தப் பக்கம் கரகரப்பு. "ஓம், ஓம், அதிலைதான்! விடியுமட்டும் நிக்கட்டும்!" என்றார் விநாயகமூர்த்தி.

நல்லம்மாவுக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. செவ்வாய்க்கிழமைகளில் அவளே அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்துகிறவள். நெடுந்தீவுக்குப் பயந்து பிள்ளையார் போதாதென்று மனிசன் அந்தோனியாரிடமும் போகிறது, போகட்டும். செருப்பைப் போட்டுக்கொண்டு ஸ்கூட்டரை அந்தோனியார் கோயிலுக்கு உருட்டிக்கொண்டு போனாள்.

மணியடிக்கிற எமிலியானுஸ் வாசலில் நின்றார்.

"அக்கா, இது கறண்ட் அடிக்காதோ?"

"சேர்ச்சுக்குள்ளை அடிக்குமே? பிடியுங்கோ அண்ணை!"

எமிலியானுஸ் சிலுவை அடையாளம் போட்டுவிட்டுப் பிடித்தார். ஸ்கூட்டர் அந்தோனியார் சுருபத்துக்குக் கீழே போய் நின்றது. அவர் தன் பங்குக்கு ஒரு கடதாசிப்பூ மாலையும் போட்டுவிட்டார்.

பொழுதுபட விநாயகமூர்த்தி வந்து கிணற்றடியில் தலைக்கு வார்த்தார். செத்தவீட்டுத் துடக்கோடு புது வாகனத்துக்குப் பக்கத்தில் போகக்கூடாது, விடிந்தபிறகுதான் என்பது அவர் கொள்கை. அதனால் ஸ்கூட்டர் விடுகிற கொட்டிலை எட்டியும் பார்க்கவில்லை.

"சார்ச்சில விட்டனீரோ?"

"சேர்ச்சில விட்டனான். மெழுகுதிரியும் கொளுத்தினனான்."

கறண்ட் நின்றுவிட்டதாக்கும் என்று நினைத்தார் விநாயகமூர்த்தி. "பிறகு கறண்ட் வந்ததே?"

"வந்தது, வந்தது," என்றாள் நல்லம்மா. உண்மைதான், அன்று கறண்ட் நிற்கவே இல்லை.

மனிதர் நிம்மதியாகப் படுத்தார். திங்கள் காலை ஆறே முக்காலுக்கு, குளித்து, திருநீறு பூசி, சாப்பாட்டுப் பெட்டியோடு கொட்டிலைத் திறந்தார். உள்ளே ஒரு அடைகாக்கிற கோழி மட்டும் இருந்தது.

"ஸ்கூட்டர் எங்கையப்பா?"

"நீங்கள்தானே சேர்ச்சில விடச் சொன்னியள்?"

அதற்குப் பிறகு அவர் பேசியதை எழுத வேண்டாம். கோயிலுக்கு ஓடினார். மாலையைக் கழற்றவும் நேரமில்லை, ஏறித் திருகினார். அந்தோனியாரின் தயவோ என்னவோ, முள்ளு அடியில் கிடந்தும் ஸ்கூட்டர் ஓடியது. அல்லைப்பிட்டி வரைக்கும் ஓடியது. பிறகு, எந்தச் சத்தமும் இல்லாமல் ஓடிய மாதிரியே, எந்தச் சத்தமும் இல்லாமல் நின்றது.

வழியில் இருந்த ஆமிக் காவலரணில் எல்லாரும் இறங்கி, இஞ்சினை நிற்பாட்டி, உருட்டிக்கொண்டு போகவேண்டும் என்பது சட்டம். மற்றவர்கள் பலகையைக் கண்டபிறகு இறங்குவார்கள். இவர் அரைக் கட்டை தூரத்துக்கு முன்னாலேயே இறங்கி உருட்டிக்கொண்டு வந்ததைக் கண்ட ஆமிக்காரர், "ஐயா நல்ல மனுசன்," என்று பாராட்டி விட்டார். பண்ணைத் தாம்போதி முழுக்க எதிர்காற்று. கடதாசிப்பூ மாலை முகத்தில் அடித்தது. விநாயகமூர்த்திக்கு உண்மையிலேயே அழுகை வந்தது.

கந்தோருக்கு வந்து சேரப் பத்தே காலாகிவிட்டது. தம்பிராசா யன்னலால் மாலையைப் பார்த்தார். "என்ன, ஊர்வலம் முடிஞ்சுதோ?" என்று கேட்டுவிட்டுப் பேனையை நீட்டினார். கோட்டுக்குக் கீழே நிறைய இடம் இருந்தது.

அந்தக் கிழமையே நெடுந்தீவுக்கு மாற்றக் கடிதம் வந்தது. நல்லம்மா இரண்டு நாள் அழுதாள், மூன்றாம் நாள் உடுப்பு அடுக்கினாள். "ஸ்கூட்டரையும் கொண்டு போங்கோ. எனக்கு அதைப் பாக்கேலாது," என்றாள்.

குறிகட்டுவான் துறையில் ஸ்கூட்டரை வள்ளத்தின் நடுவில் நிறுத்தி நாலு பக்கமும் கயிறு போட்டார்கள். வள்ளத்தில் இருக்க இடமில்லை. விநாயகமூர்த்தி அதன்மேலேயே ஏறி உட்கார்ந்து, கைபிடியை இறுக்கிப் பிடித்து, றோட்டைப் பார்க்கிற மாதிரி நேரே கடலைப் பார்த்தார். அலை வந்தபோது பிறேக் பிடித்தார். கால் மணி போனது, அரை மணி போனது, வயிறு சத்தம் காட்டவில்லை.

"அண்ணை, பின்னுக்கு நானும் ஏறட்டோ?" என்று கேட்டாள் ஒரு நெடுந்தீவுக்காரி. அவளுக்கும் வயிற்றைப் பிரட்டியதாம்.

நெடுந்தீவுக் கந்தோரின் பெரிய கிளாக்கரும் தினமும் அதே வள்ளத்தில்தான் வருகிறவர். வள்ளம் வந்தால்தான் கந்தோர். ஆகவே சிவப்புக் கோட்டுக்கு வேலை இல்லை. ஒரு கிழமை கழித்து நல்லம்மாவின் போன் அடித்தது. கிணற்றுக்கட்டுக்கு ஓடிப்போய் எடுத்தாள்.

"சுகமாய் இருக்கிறன் நல்லம். இஞ்சை நான் தங்கிற வீட்டிலை கறண்ட்தான் இல்லை."

"ஐயோ! அப்ப ஸ்கூட்டர் எங்கை நிக்குது? சார்ச்சில விடேல்லையோ?"

"சேர்ச்சில விட்டிருக்கிறன்."

"எதிலை?"

"சேர்ச்சில, நல்லம், சேர்ச்சில! சுவாமியாரிட்டை மட்டுந்தான் ஜெனறேற்றர் இருக்கு."

நல்லம்மா கிணற்றுக்கட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

"அப்ப அண்டைக்கு நான் செய்ததிலை என்ன பிழை?" என்றாள் நல்லம்மா. "மெழுகுதிரியும் ஒண்டு கொளுத்திவிடுங்கோ."