எடல்மிராவின் ஆமை ஓடுகள்

எடல்மிராவின் வாசலில் பூச்செடிகள் ஆமை ஓடுகளில் வளர்ந்தன. ஈக்வடாரிலிருந்து நாடு கடத்தப்பட்டு, ஃப்ளோரியானா தீவின் மேட்டில் குடியேறிய எங்களுக்கு ஆமைதான் இறைச்சி, எண்ணெய், தொட்டி எல்லாம். எந்த ஓடு எந்தத் தீவுடையது என்று கண்ணை மூடித் தடவியே சொல்லிவிடுவாள் அவள்.

அவள் கணவன் அன்செல்மோ, லியாந்த்ரோவின் படகில் ஆமை பிடிக்கப் போனான். லியாந்த்ரோ மட்டும் திரும்பினான். சாந்தியாகோ தீவில் அன்செல்மோவை அலை இழுத்துப் போய்விட்டதாம். துக்க வீட்டுக்கு வெறுங்கையோடு போவது எங்களிடம் வழக்கமில்லை. அங்கே பிடித்ததென்று ஓர் ஆமையை இறக்கிவைத்துவிட்டுப் போனான்.

அதை அறுத்து முடித்தவள் ஓட்டைக் கழுவும்போது நிறுத்தினாள். முன்விளிம்பு குதிரைச் சேணம்போல் மேலெழும்பியிருந்தது. சாந்தியாகோ ஆமைக்கு அப்படி இராது. இது எஸ்பஞோலா ஆமை. அந்தத் தீவில் சொட்டுத் தண்ணீர் கிடையாது.

"அவரு சாகல. அங்க விட்டுட்டு வந்திருக்கான்," என்றாள்.

குடியிருப்பே சிரித்தது. "ஆமையக் கூப்பிட்டு சத்தியம் வாங்குங்க, தோஞா," என்று மரியாதைச் சொல் வைத்தே கேலி செய்தான் லியாந்த்ரோ. படகு அவனிடம் மட்டுமே இருந்தது.

அந்த வாரம் ஓர் ஆங்கிலேயக் கப்பல் வந்தது. பறவைகளைச் சுட்டுப் பஞ்சடைக்கும் நரைத்த இயற்கை ஆய்வாளர் ஒருவர் மேடேறி வந்தார். அவளுடைய தொட்டிகளைக் கவிழ்த்து, அவள் கண்ணைக் கட்டிச் சோதித்தார். ஒன்றுகூடத் தப்பவில்லை.

"பக்கத்துப் பக்கத்துத் தீவு. ஒரே வெயில், ஒரே பாறை. எதுக்கு வேற வேற உருவம்?" தட்டுத்தடுமாறி எங்கள் மொழியில், தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். மூடுபனி இறங்கும்வரை எழுதினார். அன்செல்மோவுக்காகக் கப்பல் தலைவனிடம் கேட்டும் பார்த்தார். கப்பல் வேறு திசையில் போய்விட்டது.

அதன்பின் யாரும் சிரிக்கவில்லை. மறுநாள் விடியலில் அந்தச் சேண ஓடு லியாந்த்ரோவின் வாசலில், வீட்டுக்குள் பார்த்தபடி கிடந்தது. பள்ளத்தில் வீசினான். அடுத்த விடியலிலும் அவன் வாசலிலேயே கிடந்தது. எடல்மிரா காய்ச்சலில் எழ முடியாமல் எங்கள் வீட்டில் படுத்திருந்தாள்.

ஐந்தாம் நாள் லியாந்த்ரோ அவளிடம் வந்து நின்றான். "தண்ணிப் பீப்பாய்க்குச் சண்டை. கோவத்துல விட்டுட்டேன். வாங்க தோஞா, போலாம்."

துடுப்புப் போட நானும் போனேன். எஸ்பஞோலாவில் ஆள் இல்லை. கரும்பாறைமேல் மழைக்கு ஏந்திவைத்த ஓடுகள் வரிசையாக இருந்தன; பதினொன்று. பத்தில் உப்பும் தூசியும். கடைசி ஓட்டில் விளிம்புவரை தண்ணீர். மழை பெய்து இரண்டு மாதமாகியிருந்தது.

எடல்மிரா விரலை நனைத்து நாக்கில் வைத்தாள். நல்ல தண்ணீர். ஓட்டின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

"நீங்க போங்க. வச்சவரு குடிக்க வருவாரு."

எவ்வளவு சொல்லியும் எழவில்லை. படகிலிருந்த தண்ணீர்ப் பீப்பாயை மட்டும் இறக்கச் சொன்னாள். லியாந்த்ரோ அதை உருட்டிக்கொண்டு பாறையேறினான்.