பச்சைத் துண்டும் பொழிச்சலூர் நாடகமும்

நாடகம் போடுகிறவர்களைப் பகலில் கண்டுபிடிக்க முடியாது. காலை பத்திலிருந்து மாலை ஐந்து வரை அவர்கள் எல்லாரும் ஏதாவது ஓர் ஆபீஸில் ஒன்றும் தெரியாதவர்கள் மாதிரி உட்கார்ந்திருப்பார்கள். இது தெரியாமல், இரண்டாயிரத்துகளின் நடுவில் ஒரு கோடை முழுக்கத் தாம்பரத்தைச் சுற்றிச் சுற்றி அலைந்தவள் நான். தாம்பரத்தில் ஒரு காலேஜில் விஷுவல் கம்யூனிகேஷன் கடைசி வருடம். இரண்டு மாதம் எங்கேயாவது பயிற்சி எடுத்து, லெட்டர்ஹெட்டில் ஒரு கடிதம் வாங்கி வந்தால்தான் டிகிரி. மற்றவர்கள் எஃப்.எம்., டி.வி. என்று ஓடி இடம் பிடித்துவிட்டார்கள். நான்தான் நாடகம், நாடகம் என்று பிடிவாதமாக நின்றேன். அவ்வளவு ஆசை. பயிற்சிக் கடிதத்துக்காகச் செருப்பைத் தேய்த்த அனுபவம் உங்களுக்கும் இருந்தால் இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

ஒரு ரூபாய் போன்

மேற்குத் தாம்பரத்தில் ஒரு கோயில் சுவரில் நாடக நோட்டீஸ் ஒட்டியிருந்தது. கீழே ‘தொடர்புக்கு’ என்று ஒரு நம்பர். பெட்டிக்கடை ஒரு ரூபாய் போனிலிருந்து அடித்தேன். அது ஏதோ அரசாங்க ஆபீஸ். “சார், நாடகப் பயிற்சி விஷயமா...” என்று ஆரம்பித்ததும், எடுத்தவர் உரக்க, “மனுவை எழுத்து மூலமா கொடுங்க, பரிசீலிப்போம்” என்று வைத்துவிட்டார். நானும் அன்றே முழுத்தாளில் மனு எழுதி, போட்டோ ஒட்டித் தபாலில் அனுப்பினேன்.

ஒரு வாரம் பதில் இல்லை. மறுபடி அடித்தேன். இந்த முறை பக்கத்தில் அதிகாரி யாரும் இல்லை போலிருக்கிறது. குரலைத் தாழ்த்திக்கொண்டு, கிட்டத்தட்ட அழுகிற மாதிரி சொன்னார்: “ஏம்மா, நான் வேஷம் கட்டறது வீட்டுக்கே தெரியாது. நீ போட்டோ ஒட்டி ஆபீசுக்கு மனு போடறே. இப்ப அது மூணு டேபிள் தாண்டி மேலிடத்துக்குப் போயிடுச்சும்மா!”

மேடவாக்கத்தில் தண்ணீர்

அடுத்தது மேடவாக்கத்தில் ஒரு நவீன நாடகக் குழு. ஓ.எம்.ஆர். ஐ.டி. கம்பெனிகளில் வேலை பார்க்கும் ஏழெட்டுப் பேர், ஞாயிறு காலையில் தங்கள் அப்பார்ட்மெண்ட் கார் நிறுத்துமிடத்தில் கூடுவார்கள். தாடி வைத்த இயக்குநர் என்னைத் தரையில் படுக்கச் சொன்னார். “நீங்க இப்ப தண்ணி. உங்களுக்கு எலும்பு கிடையாது, பேர் கிடையாது. ஓடுங்க” என்றார். எல்லாருமே கண்ணை மூடித் தரையில் ஓடிக்கொண்டிருந்தோம். எனக்கு முழங்கை தேய்ந்தாலும் உற்சாகமாகவே இருந்தது. இதுதான் கலை என்று நினைத்தேன்.

கால் மணி நேரம் ஆகியிருக்கும். கேட்டில் லாரி ஹாரன் கேட்டது. கண்ணைத் திறந்து பார்த்தால் என்னைச் சுற்றி ஒருத்தரும் இல்லை. நாலு நாளாக வராத தண்ணீர் லாரி வந்திருக்கிறது. மொத்த நாடகக் குழுவும் குடத்தோடு வரிசையில் நிற்கிறது. நானும் எழுந்திருக்கப் போனேன். இரண்டு கையிலும் பக்கெட் வைத்திருந்த இயக்குநர் கண்டிப்பாகச் சொன்னார்: “நீங்க எழுந்திருக்காதீங்க, மூடு போயிடும். நீங்க தண்ணியாவே இருங்க, நாங்க தண்ணி பிடிச்சுட்டு வந்துடறோம்.”

கண் பார்வை

கடைசியில் என்னைச் சேர்த்துக்கொண்டவர் பொழிச்சலூர் வரதன் சார். டெலிபோன் ஆபீசில் வேலை. மாலை ஆறுக்கு மேல் நாடக இயக்குநர். அவர் வீட்டு மொட்டை மாடியில் ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகை போட்டு, அதில்தான் ஒத்திகை. சொத்தை யாருக்கு எழுதுவது என்று ஒரு அப்பா இரண்டு மணி நேரம் யோசிக்கிற குடும்ப நாடகம். அப்பாவாகத் திருமுடிவாக்கம் பட்டறையில் வேலை பார்க்கும் சேகர் அண்ணா. மெஷின் சத்தத்தில் பேசிப் பழகிய அவர் குரல், ரகசியம் சொல்கிற காட்சியிலும் தெருமுனை வரை கேட்கும். அம்மாவாகப் பத்மா அக்கா.

வரதன் சார் என்னிடம் நடிப்பு வருமா, பாட்டு வருமா என்று எதையும் கேட்கவில்லை. கண்ணாடி போடுவேனா என்றுதான் கேட்டார். இல்லை என்றதும் அவர் முகம் மலர்ந்தது. விஷயம் இதுதான்: விமான நிலையம் கூப்பிடு தூரம். கொட்டகைக்குள் இருப்பவர்களுக்கு வானம் தெரியாது. திடீரென்று தலைக்கு மேல் விமானம் வந்தால் பாதி வசனம் காணாமல் போய்விடும். அதனால் ஒரு ஆள் கைப்பிடிச் சுவரோரம் நின்று வானத்தைப் பார்க்க வேண்டும். விமானம் வந்தால் துண்டைத் தூக்க வேண்டும். உடனே எல்லாரும் அப்படியே உறைந்துவிட வேண்டும். வாய் திறந்தவர் திறந்தபடி, கை ஓங்கியவர் ஓங்கியபடி. துண்டை இறக்கியதும் விட்ட சொல்லுக்கு அடுத்த சொல்லிலிருந்து தொடர வேண்டும். வெள்ளைத் துண்டு கண்ணுக்குச் சரியாகத் தெரியாது என்று எனக்கென்றே புதிதாக ஒரு பச்சைத் துண்டு வாங்கி வைத்திருந்தார். அதை என் தோளில் போட்டுவிட்டுச் சொன்னார்: “நாடகத்துல கடைசி சீன் வரைக்கும் வேலை உள்ள ஒரே கேரக்டர் நீதாம்மா.”

மீன்கார அக்கா

இரண்டு மாதம் துண்டு தூக்கினேன். எந்த விமானம் எந்த வசனத்தில் வரும் என்பதே அத்துப்படி ஆகிவிட்டது. பத்மா அக்கா அழ ஆரம்பித்தால் ஒன்று, சேகர் அண்ணா பத்திரப் பெட்டியைத் திறந்தால் இன்னொன்று. தினமும் அந்தத் தெருவில் கூடையோடு போகும் மீன்கார அக்கா மட்டும் என்னை நிமிர்ந்து பார்த்துக்கொண்டே போவார். ஒருநாள் தாங்க முடியாமல் கூடையை இறக்கி வைத்துவிட்டு, இடுப்பில் கை வைத்து நின்றார்: “இன்னா பாப்பா, டெய்லி ஏரோப்ளேனுக்குத் துண்டு காட்டிகினு கீற? அது இங்கல்லாம் நிக்காதும்மா. ஏறணும்னா மீனம்பாக்கம் போ!”

அரங்கேற்றம்

நாடகம் தி.நகரில் ஒரு சபாவில். “நல்லபடியா முடியட்டும், உன் கடிதத்துல அன்னிக்கே கையெழுத்து போட்டுடறேன்” என்று வரதன் சார் சொல்லியிருந்தார். காலேஜ் கொடுத்த கெடுவுக்கு இரண்டே நாள் பாக்கி. நான் பக்கத் திரைக்குப் பின்னால், ஒரு கையில் காபி டம்ளர் தட்டோடு நின்றேன். மைக்கில் சத்தம் விழும் என்று ஃபேனை நிறுத்திவிட்டார்கள். வியர்வை ஊற்றுகிறது. மேடையில் கடைசிக் காட்சி. சேகர் அண்ணா பத்திரத்தைக் கையில் எடுத்து, “இந்த வீட்டை நான்...” என்றார். நான் பழக்கத்தில் தோளிலேயே கிடந்த பச்சைத் துண்டை எடுத்துத் தூக்கி, நெற்றியைத் துடைத்தேன்.

சேகர் அண்ணா நின்றுவிட்டார். வாய் திறந்தபடி. பத்மா அக்கா கண்ணீர் துடைக்கப் போன விரல் கன்னத்துக்குப் பக்கத்திலேயே நின்றது. ஐயோ, அண்ணாவுக்கு வசனம் மறந்துவிட்டதே என்று நினைத்தேன். பதற்றத்தில் இன்னும் வியர்த்தது, இன்னும் துடைத்தேன். மேடைக்கு எதிர்ப்புறத் திரையோரம் வரதன் சார் இரண்டு கையையும் கீழே கீழே என்று ஆட்டினார். உட்காரச் சொல்கிறார் என்று உட்கார்ந்தேன். துண்டோடுதான். அவர் தலையில் அடித்துக்கொண்ட பிறகுதான் எனக்கு உறைத்தது. துண்டைத் தூக்கி எறிந்தேன். சேகர் அண்ணா அந்த நொடியே, “...யாருக்கும் எழுதப் போறதில்ல!” என்று கர்ஜித்தார். ஹால் முழுக்கக் கைதட்டல்.

திரை விழுந்ததும் வரதன் சார் என்னை நோக்கி வந்த வேகத்தைப் பார்த்ததுமே கடிதமும் டிகிரியும் போயே போயிற்று என்று எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் வாயைத் திறப்பதற்குள் சபா செயலாளர் ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். “சார், வீட்டை நான்னு சொல்லிட்டு ஒரு கேப் விட்டீங்க பாருங்க, எனக்கு மூச்சே நின்னுடுச்சு. அடுத்த மாசமும் தேதி தரேன். ஆனா அந்த கேப்பை மட்டும் குறைச்சுடாதீங்க!”

ஹெச்.ஓ.டி. அறை

கடிதம் கிடைத்தது. ஆனால் அதில் “காட்சிகளை நிறுத்தும் பணியைச் சிறப்பாகச் செய்தார்” என்று எழுதியிருந்தார் வரதன் சார். ஹெச்.ஓ.டி. மேடம் இரண்டு முறை படித்தார். அந்த வருடம் சித்தப்பா கம்பெனியிலும் மாமா கடையிலும் கடிதம் வாங்கி வந்தவர்கள் நிறையப் பேர். “இதுவும் அந்த மாதிரிதானா? நிஜமாவே பயிற்சிக்குப் போனியா?” என்றார். எனக்குக் கோபமும் அவமானமும் சேர்ந்து வந்தன. “மேடம், ரெண்டு மாசம் ஒருநாள்கூட லீவு போடாம நான்...” என்று கையை நீட்டிப் பேச ஆரம்பித்தேன். தாம்பரம் வானத்தில் ஒரு விமானம்.

நான் வேண்டுமென்று செய்யவில்லை. நீட்டிய கை அப்படியே நின்றது, திறந்த வாய் அப்படியே நின்றது, கண்கூட இமைக்கவில்லை. மேடம் என்னைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். விமானம் போய், சத்தம் முழுக்க அடங்கியதும், “...அங்க போனேன் மேடம்” என்று முடித்தேன். அவர் பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டுக்கொண்டே சொன்னார்: “நம்பறேன்மா. முதல்ல கையை இறக்கு.”

இரண்டு மாத நாடகப் பயிற்சியில் ஒரு தடவைகூட மேடை ஏறாத நான், இன்றுவரை தாம்பரத்தில் விமானம் போகும்போதெல்லாம் காய்கறிக் கடையில் கத்திரிக்காயும் கையுமாக இலவசமாக நடித்துக்கொண்டிருக்கிறேன்.