வெறுங்காலுக்குக் கிடைத்த கிண்ணம்

போன மாதம் தொலைக்காட்சியில் வெளிநாட்டு விளையாட்டு வீரர்கள் சிலரைக் காட்டினார்கள். தேசிய கீதம் ஒலிக்கும்போது மற்றவர்கள் எல்லோரும் நெஞ்சை நிமிர்த்தி நிற்க, அவர்கள் மட்டும் ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றி இருந்தார்கள். தங்கள் ஆட்களுக்கு நடக்கிற அநியாயத்தைச் சொல்லத்தான் அப்படி இருந்தார்களாம். நாட்டை அவமதித்துவிட்டார்கள் என்று ஒரு பக்கம் கூச்சல், இதுதான் வீரம் என்று இன்னொரு பக்கம் கூச்சல். விடுதி அறையில் என்னோடு இருக்கும் சிநேகிதி வாயில் கை வைத்துக்கொண்டாள். "நம்மட ஊர்ல இப்பிடிச் செஞ்சா தோல உரிச்சிருப்பாங்க" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் ஊரிலும் செய்தார்கள். ஒருவரும் தோலை உரிக்கவில்லை. கைதட்டினார்கள், கிண்ணம்கூடக் கொடுத்தார்கள்.

எனக்கு அப்போது ஒன்பது வயது, நானா என்று நான் கூப்பிடுகிற அண்ணனுக்குப் பத்தொன்பது. எங்கள் ஊர் கண்டக்குழியில் பதினாலு வயதிலிருந்தே கரைவலை இழுத்தவர் நானா. கடலில் வளைத்துப் போட்ட வலையை இருபது முப்பது பேர் கரையில் நின்று கயிறு பிடித்து இழுப்பார்கள். இழுக்கிறவன் குதிகாலை மணலில் புதைத்து, விரல்களை விரித்து, பின்பக்கமாகவே நடக்க வேண்டும். ஐந்து வருடம் அப்படி நடந்தால் கால் என்ன ஆகும்? நானாவின் கால்கள் முன்பக்கம் துடுப்பு மாதிரி அகன்று போயிருந்தன. புத்தளம் கடைகளில் அந்தக் காலுக்குச் சப்பாத்து கிடையாது. பெருநாளைக்கும் றப்பர் செருப்புத்தான்.

ஆனால் அந்தக் காலில் பந்து படுவதைப் பார்க்க வேண்டும்! இடது பக்கத்து ஓரமாக நானா பந்தைக் கொண்டு போனால் நாலு பேர் விழுந்தெழும்புவார்கள். ஊருக்கே தெரியும், எங்கள் கழகம் அந்த வருடம் உதைபந்தாட்ட இறுதிப் போட்டிக்கு வந்தது நானாவின் வெறுங்காலால் என்று. பூட்ஸ் கட்டாயம் என்று விதி இருந்தும், அதற்கு முந்திய ஆட்டங்களில் மத்தியஸ்தர்களும் கண்டும் காணாததுபோல் விட்டுவிட்டார்கள்.

இறுதிப் போட்டிக்கு ஒரு பெரிய மனிதர் பிரதம விருந்தாளியாக வருவதாகச் செய்தி வந்தது. அரசியல்வாதியா அதிகாரியா என்பது எனக்கு இன்றுவரை சரியாகத் தெரியாது. சிங்களவர், பெரிய வாகனம், முன்னாலும் பின்னாலும் பொலிஸ். அவ்வளவுதான் எனக்குப் போதுமாக இருந்தது. போட்டிக் குழுச் செயலாளர் எங்கள் பாடசாலையில் படிப்பிக்கிற சேர்தான். அவருக்குத் தலைகால் புரியவில்லை. போட்டி நாள் காலையில் எங்கள் வீட்டுக்கே வந்து சொன்னார்: "பூட்ஸ் இல்லாம இன்டைக்கு எறங்க ஏலாது, தம்பி. பெரிய மாத்தயா வாறார். கடலால நேர வந்து வெளையாடுற மாதிரி ஈக்கும். மானம் கப்பலேறிடும்."

மனிதர் வெறுங்கையோடு வரவில்லை, பாவம். புத்தளத்தில் கிடைத்த ஆகப் பெரிய பூட்ஸ் ஒரு சோடி கொண்டுவந்திருந்தார். நானா பல்லைக் கடித்துக்கொண்டு அதற்குள் காலைத் திணித்தார். பத்தடி நொண்டினார். பந்தை ஒரு உதை உதைத்தார். அது தென்னைக்கு மேலால் போய்ப் பக்கத்து வளவுக் கோழிக்கூட்டில் விழுந்தது. நான் விழுந்து விழுந்து சிரித்தேன். நானா சிரிக்கவில்லை என்பதைப் பிறகுதான் கவனித்தேன். அந்த இறுதிப் போட்டிக்காக அவர் இரண்டு மாதம் விடியப் பந்தடித்து, பகல் வலை இழுத்தவர்.

மதியம் லுஹர் தொழுதுவிட்டு, அன்று இறங்கப்போகிற பொடியன்கள் பதினொரு பேரும் நானாவோடு எங்கள் வளவு முருங்கைக்கு அடியில் கூடினார்கள். கழகத் தலைவர் பெரிய மாமியின் மகன். அவருக்குக் கோபம் எப்போதும் மூக்கு நுனியில்தான். நான் பிளேன்டீ கொண்டுபோன சாட்டில் அங்கேயே குந்திக்கொண்டேன்.

"வெளையாட மாட்டோம் எண்டா கிண்ணத்த மத்தவனுக்குக் குடுத்துட்டுப் போயிருவாங்க" என்றார் மாமி மகன். "தேசிய கீதம் போடுவாங்க தானே, அப்ப எல்லாரும் பூட்ஸக் கழட்டி முன்னால வெச்சிட்டு வெறுங்காலோட நிப்போம். சனமெல்லாம் வாயப் பொத்திட்டு எங்களத்தான் பாத்துட்டு ஈக்கும். ஏன் எண்டு ஆரும் கேக்காம ஈக்க மாட்டாங்க. கேட்டா, எங்கட ஆள உள்ள எடுங்க எண்டு அவடத்தயே செல்லுவோம்."

"வேணாம் மச்சான்" என்றார் நானா. "என்னால ஒங்களுக்குப் பிரச்சின வரும்."

"நீ சும்மா இரி" என்று அவர் வாயை அடைத்தார்கள். எனக்குப் புல்லரித்தது. இந்த இரகசியம் எனக்கும் தெரியும் என்பதிலேயே பாதி வயிறு நிறைந்துவிட்டது.

வாப்பாவுக்கு மட்டும் ஒன்றும் தெரியாது. அவர் மீன் ஏற்றிக்கொண்டு லொறியில் சிலாபத்துக்குப் போயிருந்தார். எங்கள் பக்கத்தில் வாப்பா அளவுக்குச் சிங்களம் பேசுகிறவர் இல்லை. பாடசாலை விடுமுறையில் என்னையும் கூட்டிக்கொண்டு போவார். சிலாபத்துச் சந்தையில் காது கொடுத்துக் கேட்டே நானும் சிங்களம் பிடித்துக்கொண்டேன். அந்த நாட்களில் ஹலால் வேண்டாம், அபாயா வேண்டாம் என்று ஊர் ஊராகச் சுவரொட்டி ஒட்டிக்கொண்டிருந்தார்கள். எங்கோ ஒரு ஊரில் எங்கள் ஆட்களின் கடைகளுக்கு நெருப்பு வைத்ததாகவும் பேசிக்கொண்டார்கள். பாலாவியைத் தாண்டிச் சிங்கள ஊர்கள் தொடங்கியதும் வாப்பா தொப்பியைக் கழற்றி இருக்கைக்கு அடியில் வைப்பார். மீன் நாற்றம் பிடிக்காமல் இருக்கத்தான் வைக்கிறார் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பின்னேரம் மைதானத்தில் சனம் நெரிந்தது. பெண்களுக்குத் தறப்பாள் கட்டிய பக்கத்தில், பெரிய மாமிக்குப் பக்கத்தில், ஆக முன்னால் நான். நானா எங்களுக்கு நேரெதிரே கயிற்றுக்கு வெளியே நின்றார். வாப்பா சிலாபத்திலிருந்து வந்த கையோடு அவருக்குப் பக்கத்தில் வந்து சேர்ந்தார்.

கீதம் தொடங்கியதும் எங்கள் பதினொரு பேரும் குனிந்தார்கள். ஐயோ, அதைப் பார்த்திருக்க வேண்டும். திட்டம் போட்ட வீரர்கள் சப்பாத்து நாடாவை மறந்துவிட்டார்கள். கோல் காப்பாளரின் நாடா முடிச்சு விழுந்து இறுகிப்போய், அவர் ஒற்றைக் காலில் கெந்திக் கெந்திச் சுற்றினார். மாமி மகனின் காலுறையில் பெருவிரல் வெளியே எட்டிப் பார்த்தது. ஒருவழியாகக் காலுறைகளும் கழன்று, பதினொரு சோடியும் வரிசையாகத் தரைக்கு வந்தது. வெறுங்காலோடு நிமிர்ந்து நின்றார்கள். மைதானத்தில் ஒரு குழந்தை அழுகிற சத்தம்கூட இல்லை. மேடையில் நின்ற செயலாளர் சேரின் முகத்தில் ஈயாடவில்லை. ஓரத்தில் நின்ற பொலிஸ்காரர் சட்டைப் பையிலிருந்து பேர் எழுதுகிற ஒரு சின்னக் கொப்பியை எடுத்தார்.

அப்போதுதான் அந்தப் பெரிய மனிதர் குனிந்தார். தன்னுடைய பளபளப்பான கறுப்புச் சப்பாத்துகளைக் கழற்றி ஓரமாக வைத்தார். காலுறையையும் கழற்றினார். வெள்ளை வெளேர் என்ற கால்கள். அவர் கழற்றினால் மற்றவர்கள் சும்மா நிற்க முடியுமா? பாடசாலை அதிபர் கழற்றினார், மௌலவி செருப்பைத் தள்ளிவிட்டார், செயலாளர் சேர் அவசரத்தில் கதிரையில் முட்டிக்கொண்டார். எதிரணிக்காரர்களும் குனிந்தார்கள். பொலிஸ்காரர் கொப்பியைப் பைக்குள் வைத்துவிட்டுத் தன்னுடைய நீள நாடாக்களோடு மல்லுக்கட்டினார். கீதம் முடிந்தபோது அவர் ஒரு காலைத்தான் விடுவித்திருந்தார்.

பெரிய மனிதர் ஒலிவாங்கியைக் கையில் எடுத்தார். விகாரையில் நாங்கள் சப்பாத்தைக் கழற்றுகிறோம், பள்ளிவாசலில் நீங்களும் கழற்றுகிறீர்கள், இன்று இந்தப் பிள்ளைகள் ஒரு விளையாட்டு மைதானத்தையே புனிதமான இடமாக்கிவிட்டார்கள் என்றார். சனம் கைதட்டியது. எங்கள் பதினொரு பேரும் மதரசாவில் பாடம் மறந்த பிள்ளைகள் போல முழித்துக்கொண்டு நின்றார்கள். மரியாதைக்குச் செய்கிற வேலையையே எதிர்ப்புக்கும் செய்தால் வேறென்ன நடக்கும்? முருங்கைக்கு அடியில் இருந்த பன்னிரண்டு தலையில் ஒன்றுக்காவது அது தோன்றவில்லை. என் தலையோடு பதின்மூன்று.

ஆனாலும் கதை முடியவில்லை. பெரிய மனிதர் மேடையை விட்டு இறங்கி நேரே மாமி மகனிடம் வந்தார். இப்படிச் செய்ய வேண்டும் என்று உங்களுக்கு எப்படித் தோன்றியது என்று சிங்களத்தில் கேட்டார். அவர்கள் எதிர்பார்த்த கேள்வி அதேதான்! மாமி மகனுக்குச் சிங்களம் அரைகுறை. செயலாளர் சேர் கூட்டத்தில் தேடி வாப்பாவைக் கையைப் பிடித்து இழுத்துவந்தார், மொழிபெயர்க்க.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கேட்கிறவர் கேட்டுவிட்டார், சொல்லப் போகிறவர் வாப்பா. இனி நானா உள்ளே போவதுதான் பாக்கி.

மாமி மகன் முன்வரிசைக்கெல்லாம் கேட்கச் சொன்னார்: "மாமா, மரியாதைக்கு இல்ல எண்டு செல்லுங்க. எங்கட ஆள வெறுங்கால் எண்டு வெளிய வெச்சிட்டாங்க. அது அநியாயம். அதுக்குத்தான் கழட்டினோம். அவர எடுக்கச் செல்லுங்க."

வாப்பா ஒருதரம் கயிற்றுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். நான் பெரிய மனிதரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். உண்மை தெரிந்ததும் அந்த முகம் எப்படி மாறும் என்று பார்க்க எனக்கு ஆசை.

வாப்பா தொண்டையைச் செருமினார். நல்ல சிங்களத்தில், பணிவாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்: "மாத்தயா, நாட்டின் மண் காலில் படாமல் அந்தக் கீதத்தைக் கேட்கக் கூடாது என்று பிள்ளைகள் தாங்களாகவே முடிவெடுத்தார்களாம்."

"பொய்!" என்று நான் எழும்பினேன். முழுதாக எழும்பவில்லை. பெரிய மாமி என் தொடையைக் கிள்ளி அப்படியே கீழே இருத்திவிட்டார். "வாயப் பொத்து, புள்ள" என்றார் பல்லுக்குள்ளால். கிள்ளிய கையை எடுக்கவில்லை, கண் மட்டும் பொலிஸ்காரர் பக்கமே இருந்தது. என் மேல் அவ்வளவு கோபமா என்று எனக்கு அழுகை வந்தது.

சுற்றியிருந்தவர்களில் பாதிப் பேருக்குத் தமிழில் சொன்னதும் கேட்டது, சிங்களத்தில் சொன்னதும் விளங்கியது. ஒருவரும் அதைத் திருத்திச் சொல்லவில்லை. பெரிய மனிதர் மாமி மகனைக் கட்டிப்பிடித்தார். சனம் இரண்டாம் தரமும் கைதட்டியது. இந்த முறை இன்னும் பலமாக.

பிறகு எல்லோரும் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு விளையாடினார்கள். நானா கயிற்றுக்கு வெளியே நின்றார். இடது ஓரத்துக்குப் பந்து வரும்போதெல்லாம் அவருடைய கால் தன்னையறியாமல் மணலை உதைத்தது. அவருக்குப் பதிலாக இறங்கியவன் இரண்டு நல்ல பந்துகளை வெளியே அடித்தான். ஒரு கோலால் தோற்றோம். அதனால் என்ன, சிறந்த ஒழுக்கத்துக்கு என்று ஒரு விசேட கிண்ணத்தைப் பெரிய மனிதர் அந்த இடத்திலேயே அறிவித்தார். மாமி மகன் அதைக் கசாயம் குடிக்கிற முகத்தோடு வாங்கினார். கழகத்து அலுமாரியில் இன்றைக்கும் இருக்கிறது. நினைத்துப் பார்த்தால் அன்றைக்கு அந்த மைதானத்தில் எல்லோரும் நல்லவர்களாகவே நடந்துகொண்டார்கள். நானா மட்டும் விளையாடவில்லை.

வீட்டுக்கு நானும் நானாவும் கடற்கரைப் பாதையால் நடந்தோம். எனக்கு நெஞ்சு கொதித்தது. சிங்களம் விளங்காமல் நானா ஏமாந்துவிட்டார் என்று நினைத்தேன். ஏமாந்தவருக்கு உண்மையைச் சொல்ல வேண்டியது என் பொறுப்பு அல்லவா?

"நானா, வாப்பா மாத்திச் சென்னார். ஒங்களப் பத்தி ஒண்டுமே செல்லல்ல."

"எனக்குத் தெரியும்" என்றார்.

"தெரியுமா?"

"வாயத் தொறக்க முந்தி வாப்பா என்னத்தான் பாத்தார். நான்தான் தலையாட்டினன், செல்ல வேணாம் எண்டு."

வாப்பா எங்கள் வீட்டில் யாரிடமும் எதற்கும் சம்மதம் கேட்கிறவர் இல்லை. அதை என்னால் நம்பவே முடியவில்லை. "ஏன் ஆட்டினீங்க?"

"பொலிஸ்காரன்ட கொப்பியக் கண்ட தானே? பதினொரு பேர்ட பேரும் அதில ஏறியிருக்கும்."

"ஏறினா என்ன?" என்றேன். எங்கள் வகுப்புத் தலைவியும்தான் கரும்பலகையில் பேர் எழுதுவாள். சேர் வந்து இரண்டு அடி போடுவார். அதற்கா இறுதிப் போட்டியை விட்டுக்கொடுப்பது?

நானா நடையை எட்டிப் போட்டார்.

"அப்ப வாப்பாவும் பயந்தாங்கொள்ளி, நீங்களும் பயந்தாங்கொள்ளி" என்றேன்.

"ஓம்" என்றார் நானா.

அவர் சண்டைக்கு வருவார் என்று எதிர்பார்த்து நான் இன்னும் நாலு சொல் தயாராக வைத்திருந்தேன். ஒற்றை ஓமோடு எல்லாம் வீணாகிவிட்டது. இருந்தாலும் வாதத்தில் வென்றது நான்தானே. உம்மாவிடம் முதலில் போய்ச் சொல்ல வேண்டும் என்று முன்னால் ஓடினேன். கொஞ்ச தூரம் போய்த் திரும்பினால், நானா பாதையோரத்தில் குந்தி, முழங்காலுக்குள் தலையை வைத்துக்கொண்டு, பாதத்தை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். தோள் குலுங்கியது.

"முள்ளா நானா?" என்று கத்தினேன்.

"ஓம், முள்ளுத்தான். நீ போ, புள்ள" என்றார். முகத்தைத் தூக்கவில்லை.

நான் போய்விட்டேன். வாப்பா பொய் சொன்னார், நானா உடந்தை என்று உம்மாவிடம் ஒன்றுவிடாமல் ஒப்பித்தேன். உம்மா குனிந்து அடுப்பில் விறகைத் தள்ளினார். பொழுதுபட்டு, மஃரிபுக்குப் பாங்கு சொல்லி, தொழுகையும் முடிந்த பிறகுதான் நானா வந்தார். கண் சிவந்திருந்தது. ஒரு முள்ளுக்கு இவ்வளவு நேரமா என்று எனக்கு ஆச்சரியம்.

"எடுத்தாச்சா?" என்று கேட்டேன்.

"இன்னும் இல்ல" என்றார்.

அப்படியானால் ஆழமாகத்தான் ஏறியிருக்கிறது என்று நினைத்து, ஊசி எடுத்துவர உம்மாவின் தையல் பெட்டியை நோக்கி ஓடினேன்.