மூக்குத்தி எந்தப் பக்கம்?

“நல்லாத்தான் இருக்கு. ஆனா இது நான் இல்லையே” என்றார் சிவகாமி. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பத்து நாள் உழைத்த படம் அது!

வரும் ஞாயிற்றுக்கிழமை புனே நிக்டியில் அவருக்கும் கணவர் ராமசாமிக்கும் அறுபதாம் கல்யாணம். மண்டப வாசலில் இருவர் படமும் ஜோடியாக வைக்க ஆசை. ராமசாமி வேலையில் சேர்ந்த புதிதில் ஃபிலிமில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம் இருந்தது. சிவகாமிக்குத் தனிப்படமே கிடையாது. “எனக்கு ரேஷன் கார்டு மூஞ்சிதான். அவர் படம் மாதிரியே வேணும். அதே பேப்பர், அதே கறுப்பு” என்றிருந்தார்.

நான் ஓய்வுபெற்ற ஃபோட்டோகிராஃபர். தாபோடி வீட்டுக் குளியலறைதான் என் டார்க் ரூம். முதலில் ஃபிலிமில்தான் எடுத்தேன். ஷட்டர் விழும்போதெல்லாம் சிவகாமி கண்ணை மூடினார். ஒரு ரோல் பாழ். பிறகு டிஜிட்டல் கேமராவில் நூறு தடவை தட்டியதில், ராமசாமி ஏதோ கிண்டலடிக்க, கண் விரிந்து சிரித்த படம் ஒன்று சிக்கியது. அதைக் கம்ப்யூட்டரில் நெகட்டிவாக மாற்றி, கண்ணாடி போன்ற ஷீட்டில் பிரிண்ட் எடுத்து, பழைய ஃபோட்டோ பேப்பர்மேல் வைத்து வெளிச்சம் காட்டிக் கழுவினேன். கறுப்பு அப்படியே ஒத்துப்போனது.

ராமசாமி எட்டிப் பார்த்தார். “அட, மூக்குத்தி இடப்பக்கம்! முப்பத்தஞ்சு வருஷம் புனேல இருந்து கடைசியில இடது மூக்குல குத்துற மராட்டிக்காரியாவே ஆயிட்டியா?”

சிவகாமி சிரிக்கவில்லை. “ஆசையா ஒரே ஒரு படம் கேட்டேன். அதுலயும் வேற யாரோ” என்றார். கண் கலங்கிவிட்டது.

எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஷீட்டின் மை பூசிய பக்கம் பேப்பரைத் தொட்டால்தான் படம் கூர்மையாக வரும். அதற்காகப் படத்தை முன்பே இடம் வலமாகத் திருப்பியிருக்க வேண்டும். நான் திருப்பவில்லை. பெட்டியில் மிச்சம் ஒரே ஒரு தாள். புதுப் பெட்டி வர ஒரு வாரம் ஆகும். ஞாயிறுக்கோ மூன்று நாள்தான்.

படத்தைத் திருப்பிப் புது ஷீட் எடுத்தேன். சிவகாமியையும் டார்க் ரூமுக்குள் கூப்பிட்டேன். “தப்புன்னா உடனே திட்டிடுங்கம்மா.”

சிவப்பு விளக்கில், ட்ரேயில் முகம் மெல்லத் தெரிந்தது. அவர் விரல் தன் வலது மூக்குக்குப் போனது. படத்தைப் பார்த்தார், மூக்குத்தியைத் தடவினார், மறுபடி பார்த்தார்.

“நான்தான்” என்றார். அப்பாடா!

பத்து நாளும் கறுப்பைப் பார்த்தேன், வெள்ளையைப் பார்த்தேன், ஆளைப் பார்க்கவில்லை. இப்போது ட்ரேக்கு மேலே ‘மூக்குத்தி எந்தப் பக்கம்?’ என்று எழுதி ஒட்டியிருக்கிறேன். மீசைக்காரர் படமானாலும் முதலில் அதைப் படித்துவிட்டுத்தான் விளக்கை அணைக்கிறேன்.