ரீடிங்காரர் வீட்டு ரீடிங்

பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அதைச் சொல்லிக் கூப்பிட ஆள் கிடையாது. இருபத்திரண்டு வருடமாகத் தோளில் ஒரு பை, கையில் ஒரு மிஷின் என்று வீடு வீடாகப் போய் மின்சார மீட்டரைப் படித்துச் சீட்டுக் கொடுக்கிற மனிதரை ஊர் வேறு எப்படிக் கூப்பிடும்? குழந்தைகள்கூட அவரை ரீடிங்காரர் என்றுதான் சொல்லும்.

மனிதருக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. அதையும் சொல்லிவிட வேண்டும். மீட்டரில் ஒரு சிவப்பு விளக்கு சிமிட்டிக்கொண்டே இருக்குமே, அது சிமிட்டுகிற வேகத்தைப் பார்த்தே வீட்டுக்குள் என்ன ஓடுகிறது என்று சொல்லிவிடுவார். "தண்ணி சூடு பண்ணப் போட்டீங்களே, அணைச்சீங்களா?" என்று வாசலில் நின்றபடி கேட்பார். அந்த வீட்டுப் பெண் உள்ளே ஓடிப் பார்த்துவிட்டு வாயடைத்துப்போய்த் திரும்பி வருவாள். அதற்குப் பிறகு கேட்க வேண்டுமா? ஜன்னல் இடுக்கில் துணி சுருட்டி வையுங்கள், ஃபிரிட்ஜைச் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள், ஆளில்லாத அறையில் ஒரு விளக்குகூட எரியக்கூடாது என்று பத்து நிமிடம் உபதேசம் நடக்கும். கேட்காதவர்களுக்கும் நடக்கும்.

அப்படிப்பட்டவருடைய வீட்டுக்கே இரண்டு மடங்கு பில் வந்தது. முதல் முறை ஏதோ தப்பு என்று நினைத்தார். அடுத்த முறை அதைவிடக் கூடுதலாக வந்தபோது அவருக்குத் தலைகால் புரியவில்லை.

வீடு ஊரை விட்டுத் தள்ளி இருக்கிறது. நாலு பக்கமும் வயல். காற்றை மறிக்கச் சுற்றிலும் ஒரு மரம் இல்லை. மேட்டு நிலம் என்பதால் காலையில் பல் கிட்டும், மத்தியானம் கூரை கொதிக்கும். வீட்டின் கடைசியில் இரண்டு அறைகள், நடுவில் ஒற்றைக் கல் தடுப்புச் சுவர். ஒன்றில் அவருடைய அப்பா இருக்கிறார். இன்னொன்றில் அவர் மனைவி தையல் மிஷின் போட்டிருக்கிறாள்.

அப்பா முப்பத்தோரு வருடம் ஐஸ் ஃபேக்டரியில் வேலை பார்த்தவர். பனிக்கட்டி சுமந்தபோதெல்லாம் பனியன் போதும் என்று திரிந்த மனிதருக்கு, ஓய்வு பெற்ற பிறகுதான் குளிர ஆரம்பித்தது. நல்ல வெயிலிலும் கால் சில்லிட்டுப் போகும். அதனால் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு ஹீட்டர் உண்டு. அது அறை சூடானதும் 'டிக்' என்று தானே அணைந்துவிடும், ஆறினால் தானே பிடித்துக்கொள்ளும்.

மனைவி பள்ளிக்கூடங்களுக்குச் சீருடை தைக்கிறாள். தைத்ததையெல்லாம் அங்கேயே இஸ்திரி போட்டு மடிக்க வேண்டும். போன வருடம் பெரிய ஆர்டர் ஒன்று கிடைத்தது, கூடவே நாள் முழுக்க இஸ்திரிப் பெட்டியின் சூடும் கிடைத்தது. நாலு மாதத்துக்கு முன்னால் ஒரு ஏசி வாங்கி மாட்டினார்கள்.

அதற்கும் நாலு மாதம் முன்னால் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். அப்பா கட்டிலிலிருந்து இறங்கும்போது வழுக்கி விழுந்துவிட்டார். மருமகளைக் கூப்பிட்டிருக்கிறார். மிஷின் சத்தத்தில் அவளுக்குக் கேட்கவில்லை. ஒரு மணி நேரம் கழித்து டீ எடுத்துக்கொண்டு போனவள்தான் அவரைத் தரையில் பார்த்தாள். எலும்பு எதுவும் உடையவில்லை. ஆனால் அவள் ஒரு வாரம் சாப்பிடாமல் அழுதாள். அந்த வார முடிவில் ரீடிங்காரர் கொத்தனாரைக் கூட்டிவந்து, தடுப்புச் சுவரின் உச்சியில், கூரையை ஒட்டி, ஒரு முழ உயரத்துக்குக் கல்லை எடுக்கச் சொன்னார். சுவர் நீளத்துக்கும் திறப்பு. இனி அந்த அறையில் அவர் புரண்டு படுத்தாலும் இந்த அறையில் கேட்கும். மனைவி அன்றைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டாள்.

இரண்டாவது பில் வந்த அன்று சாயங்காலம் அப்பா அதைக் கையில் வாங்கிப் பார்த்தார். கண்ணாடி இல்லாமல் அவருக்குப் படிக்க வராது. ஆனாலும் பார்த்தார்.

"ஹீட்டர்தான்டா தின்னுது. அணைச்சு வைக்கலாம்னு பாக்கறேன், முடியல. நான் உன் தங்கச்சி வீட்டுக்குப் போயிடறேன். அங்க சுத்தியும் வீடு, குளிர் உள்ள வராது. மாப்பிள்ளைகிட்ட பேசிட்டேன். ஞாயித்துக்கிழமை கார் கொண்டு வர்றாரு."

தங்கை வீடு நகரத்தில் மூன்றாவது மாடி. லிஃப்ட் கிடையாது. அப்பாவை ஒரு முறை ஏற்றிவிட்டால் பிறகு இறக்க முடியாது. ஜன்னல் வழியாக எதிர் வீட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார், அவ்வளவுதான். இது ரீடிங்காரருக்கும் தெரியும், அப்பாவுக்கும் தெரியும்.

"ஹீட்டர் இல்லப்பா. வேற என்னமோ. நான் கண்டுபிடிச்சுடறேன்," என்றார். ஞாயிற்றுக்கிழமைக்கு நாலு நாள் இருந்தது.

கண்டுபிடிப்பது அவருக்குப் புதிதல்ல. தொழிலில் அதற்கு ஒரு முறை இருக்கிறது. எல்லாவற்றையும் அணை. ஒன்றை மட்டும் போடு. மீட்டரைப் பார். அணை. அடுத்ததைப் போடு. திருடன் தானே அகப்படுவான். நூறு வீட்டில் இப்படிப் பிடித்திருக்கிறார்.

வியாழக்கிழமை லீவு போட்டுவிட்டு மீட்டருக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். மனைவியை மிஷினை விட்டு எழுப்பினார். ஏசியை அணைத்துவிட்டு ஹீட்டரை மட்டும் போட்டார். விளக்கு படபடவென்று சிமிட்டியது. அறை சூடானது. பதினைந்தாவது நிமிடம் 'டிக்'. விளக்கு அடங்கிவிட்டது. பிறகு ஹீட்டரை அணைத்துவிட்டு ஏசியை மட்டும் போட்டார். அதுவும் அப்படித்தான், கொஞ்ச நேரம் உறுமிவிட்டுச் சாதுவாக அடங்கியது. ஃபிரிட்ஜ், இஸ்திரிப் பெட்டி, தையல் மிஷின், தண்ணீர் மோட்டார், எல்லாம் யோக்கியம். எல்லாவற்றையும் அணைத்தபோது மீட்டர் செத்துக் கிடந்தது. எங்கேயும் கசிவு இல்லை, எவனும் கம்பி போட்டுத் திருடவும் இல்லை.

வெள்ளிக்கிழமை வேலைக்குப் போய்விட்டு வந்து பார்த்தால், பகல் முழுக்க மீட்டர் குதிரையாக ஓடியிருக்கிறது.

"என்னதான் பண்ணினீங்க ரெண்டு பேரும்?" என்று கத்தினார்.

"எப்பவும் பண்றதைத்தான் பண்ணினோம்," என்றாள் மனைவி. "எனக்கும் ஒரு நியாயம் சொல்லுங்க. அந்த ஏசியில காத்து வருது, குளிர் வரமாட்டேங்குது. மெக்கானிக் வந்து பாத்தும் என்னாச்சு?"

மெக்கானிக் வந்துதான் போயிருந்தார். அவரும் தொழில் தெரிந்தவர். மற்றதையெல்லாம் அணைக்கச் சொல்லிவிட்டு ஏசியை மட்டும் போட்டுப் பார்த்தார். ஐந்து நிமிடத்தில் அறை சில்லிட்டது. கூலியை வாங்கிக்கொண்டு, "மிஷின்ல ஒரு குறையும் இல்லைங்க," என்று சொல்லிவிட்டுப் போனார். ஹீட்டருக்கும் அதே வைத்தியம் நடந்தது. அப்பாவுக்கு மட்டும் கால் சூடாகவே இல்லை. குமிழைத் திருகித் திருகிக் கடைசிப் புள்ளியில் வைத்திருந்தார்.

சனிக்கிழமை ரீடிங்காரருக்கு மண்டை குழம்பிப்போயிற்று. மீட்டரே பொய் சொல்கிறதோ என்று நினைத்தார். இருபத்திரண்டு வருடம் மீட்டர் பொய் சொல்லாது என்று ஊர் முழுக்க வாதாடியவர் அவர். அந்த நினைப்பு வந்ததும் அவருக்கே பயமாகிவிட்டது. ஒருவேளை அப்பா சொல்வதுதான் சரியா? ஹீட்டர் இவர் பார்க்கும்போது மட்டும் ஒழுங்காக இருக்கிறதா? ஒரு ஜடப்பொருளைப் போய் இப்படிச் சந்தேகப்படுகிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது. எழுதி வைத்த தாள்களைப் பரப்பி வைத்துக்கொண்டு ஒன்றும் விளங்காமல் உட்கார்ந்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு மாப்பிள்ளை வந்துவிட்டார். வாசலில் காரைத் திருப்பி நிறுத்தினார். அப்பா சட்டை மாற்றிக்கொண்டு, ஹீட்டரை ஒட்டிக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். பக்கத்து அறையில் மனைவி இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். திங்கட்கிழமை கொடுக்க வேண்டிய துணி என்று சொன்னாள். உண்மையில் மாமனார் கிளம்புவதைப் பார்க்க அவளுக்குத் தெம்பில்லை.

"பையை எடுத்துக் குடுடா. பரண்ல இருக்கு," என்றார் அப்பா.

ரீடிங்காரர் ஏணியைச் சுவரில் சாத்தி ஏறினார். ஒவ்வொரு படிக்கும் கால் பின்னால் இழுத்தது. பரண் தடுப்புச் சுவரை ஒட்டி உச்சியில் இருந்தது. கையை நீட்டிப் பையைப் பிடித்தார். அவருடைய முகம் சரியாக அந்தத் திறப்புக்கு நேரே வந்தது.

முகத்தில் சில்லென்று காற்று அறைந்தது. அந்த அறையின் எதிர்ச் சுவரில் மாட்டிய ஏசி நேராக இந்தத் திறப்பைப் பார்த்து ஊதிக்கொண்டிருந்தது. அதே சமயம் அவர் பிடரியில் அனல். அப்பாவின் ஹீட்டர் சூடு மேலே எழும்பி, இவர் காதைத் தடவிக்கொண்டு, அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தது.

ரீடிங்காரர் பையைப் பிடித்தபடி அப்படியே நின்றார்.

"பை கிடைக்கலையா?" என்றார் அப்பா.

"அந்த ஏசியை அணை," என்று திறப்பு வழியாக மனைவியிடம் சொன்னார்.

அவள் நிமிர்ந்து மேலே பார்த்தாள். சுவருக்கு மேலே புருஷனின் தலை மட்டும் தெரிந்தது. "இப்ப எதுக்குங்க? வேர்த்துக் கொட்டுது."

"அணைம்மா. சொல்றேன்."

அணைத்தாள். அவர் ஏணியிலேயே நின்றார். மாப்பிள்ளை அறை வாசலுக்கு வந்து, மச்சானுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பார்த்துக்கொண்டிருந்தார். பத்து நிமிடம் ஆகியிருக்கும். கீழே ஹீட்டர் 'டிக்' என்றது.

"யாருடா இதை அணைச்சது?" என்றார் அப்பா. "நீங்க சோதிச்சுப் பாத்தப்ப தவிர, நாலு மாசமா இது தானா அணைஞ்சதே இல்லையே."

ரீடிங்காரர் ஒரு படி இறங்கி ஏணியிலேயே உட்கார்ந்தார். "நீங்க போட்ட சூட்டை அவ குளிர வெச்சிருக்கா. அவ போட்ட குளிரை நீங்க சூடாக்கியிருக்கீங்க. ரெண்டும் இந்த ஓட்டை வழியா சண்டை போட்டிருக்கு. நான் ஒவ்வொண்ணா அணைச்சு அணைச்சுப் பாத்தேன். தனியா இருக்கும்போது ரெண்டும் நல்ல பிள்ளையாத்தானே இருக்கும்?"

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து மனைவியின் குரல் வந்தது. "இதைக் கண்டுபிடிக்க இருபத்திரண்டு வருஷ சர்வீஸா?"

மாப்பிள்ளை சிரித்துவிட்டார். ரீடிங்காரருக்கும் சிரிப்பு வந்தது. நாலு நாளாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த பாரம் இறங்கிவிட்டது. "துணி வெட்டற பலகை ஒண்ணு சும்மாதானே கிடக்கு, குடு. இப்பவே அடைச்சிடறேன்," என்றார்.

மனைவி இந்த அறைக்கு வந்துவிட்டாள். பலகை அவள் கையில் இல்லை. "அடைச்சிட்டா மாமா கூப்பிட்டா எனக்கு எப்படிக் கேக்கும்? பில் வந்தா வரட்டும். அடைக்க வேணாம்."

அவள் சொல்வதும் நியாயம்தான். அடைக்கவும் முடியாது, திறந்து வைக்கவும் முடியாது. ரீடிங்காரர் மறுபடியும் குழம்பிப்போய் அந்த ஓட்டையையே பார்த்தார்.

"அடைச்சிடுடா," என்றார் அப்பா. "நானும் நிம்மதியா இருமுவேன்."

யாருக்கும் புரியவில்லை.

"என்னப்பா சொல்றீங்க?"

அப்பா சொல்லியிருக்க வேண்டாமோ என்பதுபோல் தலையைத் தடவிக்கொண்டார். "ஓட்டை போட்டதுலேர்ந்து துண்டை வாயில வெச்சு அமுக்கிக்கிட்டுத்தான் இருமறேன். லேசா ஒரு சத்தம் வந்தாலும் இவ மிஷினை நிறுத்திட்டு ஓடி வந்துடறா. ஒரு நாளைக்கு எத்தனை தடவைதான் ஓடி வருவா? வேலை இருக்குல்ல அவளுக்கு."

மனைவி கட்டிலருகே வந்தாள். "இருமல் நின்னுடுச்சுன்னு நெனச்சேன் மாமா," என்றாள். "ஹீட்டர் சூட்டுல நல்லாயிட்டாருன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருக்கேன்."

பிறகு அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்துத் தன் கையில் வைத்துக்கொண்டாள். "இப்ப இருமுங்க. நான் கேக்கணும்."

"வராம எப்படிம்மா இருமறது," என்று சொல்லும்போதே அவருக்கு வந்துவிட்டது. ஒருமுறை தொடங்கியது நிற்கவில்லை. கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, முதுகு வளைந்து, மூச்சு வாங்க இடமில்லாமல் இருமினார். ரீடிங்காரர் ஏணியிலிருந்து குதித்து இறங்கி அப்பாவைத் தாங்கிப் பிடித்தார். ஒரே கூரைக்குக் கீழே எட்டு மாதம் இருந்தும் இதைக் கேட்காமல் இருந்திருக்கிறோம் என்று நினைத்தபோது அவருக்குக் கண் கலங்கியது. ஊரில் எந்த வீட்டில் எது ஓடுகிறது என்று வாசலில் நின்றே சொன்ன மனிதர்.

இருமல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. மாப்பிள்ளை தயங்கித் தயங்கி, "கிளம்பலாமா மாமா?" என்றார்.

"கிளம்பலாம் மாப்பிள்ளை," என்றார் ரீடிங்காரர். "உங்க வீட்டுக்கு இல்ல. ஆஸ்பத்திரிக்கு. சாயங்காலம் நீங்களே இங்க கொண்டாந்து விட்டுடுங்க."

"இருமலுக்குப் போய் ஆஸ்பத்திரியா?" என்று அப்பா முணுமுணுத்தார். ஆனால் காலைச் செருப்புக்குள் நுழைத்துக்கொண்டார். மருமகள் ஒரு கையைப் பிடித்துக்கொண்டாள். மகன் மறுகையைப் பிடித்துக்கொண்டார். வாசல் தாண்டும்போது அப்பா நின்று திரும்பிப் பார்த்தார். அறை ஆறியதில் ஹீட்டர் மறுபடியும் பிடித்துக்கொண்டு சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது.

"அதை அணைச்சிட்டு வாடா. ஆளில்லாத ரூம்ல எதுக்கு ஓடுது?"

"ஓடட்டும்பா," என்றார் ரீடிங்காரர். "நீங்க திரும்பி வரும்போது ரூம் சூடா இருக்கணும்."